சிவப்பு வரியில் ஒரு வயல்

எங்கள் அலுவலக வாசலில் பதினோரு வருடமாக ஒரே காவலர். ராட்டர்டாம் குளிரில் என் பெயரைச் சொல்லி "ஹூடமோர்ஹன்" என்று டச்சில் காலை வணக்கம் சொல்வார், மகளின் படிப்பை விசாரிப்பார், பிறகு முகம் மாறாமல் அடையாள அட்டையைக் கேட்பார். தெரிந்தவனிடம் எதற்கு அட்டை என்று முதல் வருடம் கோபம் வந்தது. இப்போது அதே கேள்வியைக் கேட்பதுதான் என் பிழைப்பு. எங்கள் கம்பெனி அரிசி இறக்குமதி செய்கிறது. அரிசி அனுப்பும் ஆலைகள், அந்த ஆலைகளுக்கு நெல் கொடுக்கும் விவசாயிகள், ஒவ்வொருவருக்கும் சாஃப்ட்வேரில் ஒரு வரி. காகிதமெல்லாம் சரியென்றால் பச்சை. சிறு குறையென்றால் மஞ்சள். நிலத்துக்கும் பயிர் வைப்பவருக்கும் உள்ள தொடர்பு எழுத்தில் இல்லையென்றால் சிவப்பு. சிவப்பானவரிடம் ஆலை நெல் வாங்கக் கூடாது.

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, குத்தாலத்து ஆலையின் பட்டியலில் ஒரு சிவப்பு வரி. அஞ்சம்மாள். தூயமல்லி நெல். பட்டா வேறொருவர் பெயரில், குத்தகைச் சீட்டு இல்லை. கெடு வெள்ளிக்கிழமை. சர்வே எண்ணை இரண்டாம் முறை படித்தேன். அது என் வயல்.

"இந்தப் பெண்தான் பயிர் வைக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்?" என்றாள் பக்கத்து மேசை மார்ட்டினா.

"எல்லோருக்கும் தெரியும்."

"நல்லது. அந்த எல்லோரில் ஒருவர் கையெழுத்துப் போடட்டும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்பா இறந்து, நான் விமானம் ஏறவிருந்த வாரம், வாய்க்கால் மதகருகே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் வயலில் கூலிக்கு உழைத்தவரின் மகள் அஞ்சம்மாக்கா சேற்றுக்காலோடு வரப்பேறி வந்தார். "நான் பாத்துக்கிறேன் தம்பி. நீங்க போயிட்டு வாங்க." அவ்வளவுதான் எங்கள் குத்தகை. மறதியால் எழுதாமல் விடவில்லை. எழுதிக்கொடுத்தால் பயிர் வைப்பவருக்கு உரிமை வந்துவிடும். அந்தப் பயத்தில் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வயல்கள் வாய்வார்த்தையிலேயே விளைகின்றன. என் பயத்துக்கு நான் நம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தேன்.

தஞ்சாவூரிலிருக்கும் தங்கையை அழைத்தேன். "அண்ணே, கையெழுத்து கிய்யெழுத்து போட்டுத் தொலைச்சிடாதே. அப்புறம் அது நம்ம நிலமா இருக்காது."

"நீயோ நானோ ஒரு நாத்து நட்டிருக்கோமா?"

"வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு நல்லாப் பேசுறே. நாளைக்குத் திரும்பி வந்தா எங்கே நிப்பே?"

அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னோடு டிராமில் ஏறி இறங்கியது. புதன்கிழமை மதிய இடைவேளையில் அஞ்சம்மாக்காவே அழைத்தார். "கதிர் தலை சாஞ்சிடுச்சுங்க தம்பி, பத்து நாள்ல அறுப்பு. ஆலையில நான் யாருன்னு கேக்குறாங்க. பதினோரு வருசமா நட்டவளை! வயலுக்கு என்னைத் தெரியுது, கம்ப்யூட்டருக்குத் தெரியலையாம்." சிரித்தார். பிறகு மெதுவாக, "அந்தச் சீட்டை யாருகிட்டங்க கேக்கணும்?" என்றார். யாரிடம் என்று அவருக்குத் தெரியும். என் வாயால் வரட்டும் என்று காத்திருந்தார். நான் அறுப்புக்கு ஆள் கிடைக்கிறதா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன். மிச்சச் சாப்பாட்டை டப்பாவில் மூடி வைத்தேன்.

வியாழன் காலை மார்ட்டினாவிடம் சொன்னேன்: "அந்த நிலத்துக்காரன் நான்தான்."

நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள். "நீயா? மூன்று நாளாக ஆலை மூலம் உனக்கா நாம் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்?"

சொந்தத் தொடர்பு இருப்பதால் அந்தக் கோப்பு என்னிடமிருந்து அவள் கைக்குப் போனது. குத்தகைச் சீட்டை எழுதிக் கையெழுத்திட்டேன். பேனா என் பெயரின் கடைசி எழுத்தில் தயங்கியது, அதையும் எழுதினேன். பிரதி அவளுக்கு, அசல் கூரியரில் அஞ்சம்மாக்காவுக்கு.

வெள்ளிக்கிழமை சிவப்பு போயிற்று. பச்சை வரவில்லை, மஞ்சள் வந்தது. ஆலை வாங்க அது போதும். காரணத்தைத் திறந்தேன். குத்தகைதாரர்: சரி. உரிமையாளர்: அவ்வூரில் வசிக்கவில்லை, நேரில் உறுதிசெய்ய இயலவில்லை.

அஞ்சம்மாக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நெல்லுக்கு நான் சாட்சி. உங்களுக்கு யாரு தம்பி?"

திங்கட்கிழமை காவலர் என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னார். அவர் கேட்கும் முன்பே அட்டையை எடுத்து நீட்டினேன்.