இருபத்து நான்கு ஆமைகள்

ஒரே காலைப்பொழுதில் ஆயிரம் ஆமைகளைத் தீர்த்துக்கட்டிய பெண்மணி பீளமேட்டில் இருக்கிறார். அவர் எனக்குத் தோழி. ஆயிரம் என்பது என் வாய்க்கணக்கு. சரக்குச் சீட்டில் இருபத்து நான்கு என்றுதான் போட்டிருந்தது. ஆமைகளும் பிளாஸ்டிக். ஆனால் தீர்த்துக்கட்டியது உண்மை. அதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

பெயர் தெய்வாத்தாள். வயது நாற்பத்தெட்டு. துடியலூரிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் பீளமேட்டுக்கு வேலைக்கு வருகிறவர். பதினேழு வருடம் ஒரு பம்பு கம்பெனியில் பாகங்களைச் சோதிக்கும் மேசையில் இருந்தார். ஒவ்வொரு பாகத்தையும் அளவுக் குழாயில் நுழைத்துப் பார்ப்பது வேலை. நுழையக் கூடாதது நுழைந்துவிட்டால் தள்ளுபடி. தள்ளியதில் சிவப்பு மை வைத்தாக வேண்டும். பிறகு அந்த மேசைக்கு ஒரு கேமரா மிஷின் வந்தது. கேமராவுக்கு டீ வேண்டாம், தீபாவளிக்கு லீவு வேண்டாம். தெய்வாத்தாளுக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சால்வை மடிப்புக் கலைவதற்குள் அவரைச் சேர்த்துக்கொண்டவர், பொம்மைக் கடை வைத்திருக்கும் கிருபாசங்கர். இன்ஜினியரிங் படித்த முப்பது வயதுப் பிள்ளை. நல்ல பையன், தீபாவளி நெருங்கினால் மட்டும் கொஞ்சம் குறைவான நல்ல பையன்.

சேர்ந்த இரண்டாம் நாளே தெய்வாத்தாள் ஒரு லேத் பட்டறையில் அலுமினியக் குழாய் ஒன்றைக் கடைந்து வாங்கி வந்தார். உள்வாய் ஒன்றேகால் அங்குலம். மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளையின் தொண்டைக்கு அதுதான் கணக்கு என்று படித்துத் தெரிந்துகொண்டிருந்தார். பொம்மையோ, அதிலிருந்து கழன்று வரும் துண்டோ அந்தக் குழாய்க்குள் விழுந்தால் தள்ளுபடி. அன்றைக்கே பன்னிரண்டு கிலுகிலுப்பைகளின் குமிழ் கழன்று உள்ளே விழுந்தது. பன்னிரண்டுக்கும் சிவப்பு மை வைத்துவிட்டார்.

பம்பு கம்பெனியில் தள்ளுபடி என்றால் மறுபடி உலைக்குப் போகும். பொம்மைக் கடையில் அது மொத்த வியாபாரிக்குத் திரும்பிப் போக வேண்டும். மை பட்டதை எந்த வியாபாரி வாங்குவார்?

“ஏனக்கா, ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கக் கூடாதுங்களா?” என்றார் கிருபாசங்கர்.

“ஸ்டிக்கரு உரிஞ்சுக்குமுங் சார். ஒருக்கா கம்பெனில ஒரே ஒரு பீசுக்கு மை வெக்காம உட்டுப்போட்டேன். அது நல்ல பீசுகளோட கலந்து, ஆனமலைப் பக்கம் ஒரு தோட்டத்துல மோட்டருக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. தென்னையெல்லாம் வாடிப்போச்சுங்க.”

“இது தென்னந்தோப்பு இல்லீங்கக்கா. இன்னொருக்கா மை வெச்சீங்கன்னா அன்னைக்கே வேலை இல்லீங்க. பாத்துக்குங்க.”

குழாயும் மைப் புட்டியும் மேசை டிராயருக்குள் போயின. மகள் ரித்திகா நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்; சம்பாதிக்க வீட்டில் வேறு ஆள் இல்லை. தெய்வாத்தாள் டிராயரைச் சாத்தினார். வாயைச் சாத்தவில்லை.

கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு ஏபிசிடி சொல்லிக் கொடுக்கிற டேப்லெட் வேண்டுமாம்.

“கொழந்தை பேசுதுங்களா?”

“இல்லீங்க, ஆறு மாசந்தானுங்க.”

“அப்பறம் டப்பா பேசி என்னங்க பண்றது? நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. இந்தாங்க, துணிப்பந்து. புடிக்கும், கடிக்கும், வீசும். எடுத்துக் குடுத்தா மறுக்கா வீசும். இப்போதைக்கு அதுதானுங்க அதுக்குக் காலேஜு.”

“வாக்கர்?”

“அதுல சக்கரந்தானுங்க நடக்கும். எந்திரிச்சு நிக்கட்டும், தள்ளீட்டுப் போற வண்டி நானே எடுத்து வெக்கறேன்.”

கடைக்குள் ஒரு நீலப் பாய் விரித்திருப்பார். வருகிற குழந்தையை அதில் இறக்கிவிடச் சொல்லி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், மரக்கட்டைகள், மூடி போட்ட டப்பா என்று நாலைந்தை முன்னால் வைப்பார். பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. குழந்தை எதைத் தட்டுகிறது, எதை எதற்குள் போடுகிறது என்று பார்த்த பிறகுதான் எடுத்துக் கொடுப்பார்.

“பொம்மை ஆடுனா கொழந்தை பாத்துட்டு உக்காந்திருக்கும். பொம்மை சும்மா இருந்தாத்தானுங்க கொழந்தை ஆடும்” என்பார். பதினேழு வருடம் ஒரு நிமிடம் சும்மா இருக்க விடாத இடத்தில் உட்கார்ந்திருந்தவர், சும்மா இருப்பதற்கு இப்படி வக்காலத்து வாங்குவார்.

அப்போதுதான் ஆமைகள் வந்தன. பொத்தானை அழுத்தினால் பாடும், கண் சிமிட்டும், தன்னைத்தானே சுற்றும். வயிற்றுக்குள் காசு மாதிரி ஒரு பேட்டரி. அதன் மூடிக்குத் திருகாணி இல்லை. நகம் பட்டால் திறந்துகொள்ளும். தெய்வாத்தாள் சொல்லிப் பார்த்தார். “பாஸ் பண்ணித்தானுங்க அனுப்பியிருக்காங்க” என்றார் கிருபாசங்கர். சாயங்காலம் இருபத்து நான்கையும் தெய்வாத்தாள் உள்ளறை மூலையில் கொண்டுபோய் வைத்தார். காலையில் வந்து பார்த்தால் அத்தனையும் கண்ணாடி அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. அவர் டிராயரைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து, பத்து மாதப் பேத்தி ஹாரிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்தேன். ஹாரிகா பாய்க்குப் போனாள். பதினேழாவது ஆமையின் நெற்றியில் மை விழுந்தபோது கிருபாசங்கர் வந்து நின்றார். முகம் மையைவிடச் சிவப்பு.

“நாளையிலிருந்து வர வேண்டாங்க.”

“நாளையிலிருந்துதானுங்களே? இன்னைக்கு இன்னும் ஏழு கெடக்குது” என்று தெய்வாத்தாள் பதினெட்டாவதுக்குக் கை நீட்டினார்.

“அக்கா, வெளையாடாதீங்க. கீழ வைங்க.”

“வெளையாடற பொருளுங்க, அதனாலதான் வெளையாடாம பாக்கறேன். வேலைய எடுத்துக்குங்க. புட்டியக் குடுக்க மாட்டேன்.”

எப்படியோ ஓர் ஆமை பாய்க்கு வந்திருந்தது. அது பாடும் வரை ஹாரிகா வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தாள். பாட்டு நின்றதும் கவிழ்த்தாள். நகத்தால் நோண்டினாள். மூடி ஒரு பக்கம் போயிற்று. பளபளவென்று ஒரு வட்டம் அவள் விரலில் ஏறி, வாயை நோக்கிப் புறப்பட்டது. நான் ஆனைமலைச் சிறுத்தைபோல ஒரே தாவலில் பாய்ந்து, உதட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே கையைக் கொடுத்துப் பிடுங்கினேன்.

தெய்வாத்தாள் அதைக் குழாய்க்குள் போட்டார். ‘டிங்’ என்று மேசையில் விழுந்து உருண்டது.

“தொண்டைல நின்னுதுன்னா ரெண்டு மணி நேரத்துல சதைய அரிச்சுப்போடுமுங் சார். இப்பச் சொல்லுங்க, இதையும் பாஸ் பண்ணீரலாமுங்களா?”

கிருபாசங்கர் மை வைக்காத ஆமை ஒவ்வொன்றையும் எடுத்துக் கவிழ்த்து, கட்டைவிரலால் மூடியைத் தள்ளிப் பார்த்தார். எல்லாம் திறந்தன. கடைசியாகப் பாயில் கிடந்ததையும் எடுத்து வந்தார். தெய்வாத்தாள் கையிலிருந்த புட்டியைக் கேட்டு வாங்கி, ஏழின் நெற்றியிலும் அவரே மை வைத்தார். கோணல்மாணலாகத்தான், பழக்கம் இல்லை.

“நாளைக்கு ஒம்பதரைக்கே வந்துருங்கக்கா. சரக்கு வருது.”

“வாரேனுங் சார். ஆனா கொழாய் மேசை மேலதான் இருக்கோணும். டிராயருக்குள்ள வெக்கறதுன்னா நீங்களே வேற ஆளப் பாத்துக்குங்க.”

இப்போது குழாய் கல்லாப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கிடக்கிறது. பொம்மை வாங்குகிறவர்கள் தாங்களே போட்டுப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒருவர் தன் மோதிரத்தைப் போட்டுப் பார்த்தார்.

இதை எழுதி முடித்ததும் கடைக்குப் போய், தெய்வாத்தாளை உட்காரவைத்து முழுக்க வாசித்துக் காட்டினேன். கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

“நல்லாருக்குதுங்க டீச்சரம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்தோணும். சிறுத்தையெல்லாம் ஒண்ணும் பாயலீங்க. பேட்டரியப் புடுங்குனது நானு. நீங்கதான் ஆமைய எடுத்துப் பாய்ல உட்டுப்போட்டு, அப்பக் கல்லாக்கிட்ட நின்னு, ‘மை வெக்காததுல எனக்கொண்ணு பில்லு போடு கண்ணு’ன்னு சாருகிட்டச் சொல்லீட்டு இருந்தீங்க.”