அப்பாவோடு பள்ளிக்கூடம் பார்க்கப் போன நாள்

துவாரகாவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தனியார் பள்ளி. மகளின் நர்சரி அட்மிஷனுக்காக அங்கிருந்து மெயில் வந்தபோது நான் ஜனக்புரியில் வங்கிக் கவுண்டரில் இருந்தேன். நர்சரிக் குழந்தைகளுக்கு இண்டர்வியூ வைக்கக் கூடாது என்பது தில்லியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பள்ளிகள் அந்தச் சொல்லையே எடுப்பதில்லை. சும்மா வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்பார்கள். இந்தச் சும்மாவுக்காக எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் மூன்று வயதுக் குழந்தைகள் டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தன. மெயிலின் கடைசி வரியில், தாயும் தந்தையும் குழந்தையோடு கட்டாயம் வர வேண்டும் என்று போட்டிருந்தது.

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரர் அருணாசலப் பிரதேசத்தில் அணை கட்டுகிற இடத்தில் எஞ்சினியர். மகளுக்கு ஒன்றரை வயதில் போனவர். வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் பெரிது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் என் போனுக்குள் குடியிருப்பவர்.

மேல் வீட்டுப் பஞ்சாபி அக்கா இரண்டு பிள்ளைகளை இதே பள்ளியில் கரையேற்றியவள். "பச்சா நஹீ, ஃபேமிலி தேக்தே ஹைன்" என்றாள். குழந்தையைப் பார்க்க மாட்டார்களாம், குடும்பத்தைத்தான் பார்ப்பார்களாம். குழந்தை அப்பாவிடம் ஒட்டாமல் உட்கார்ந்தால் அங்கே இருக்கிற மேடம் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாளாம். நிறம், வடிவம், பழம் எல்லாம் நான் சொல்லிக் கொடுத்துவிடுவேன். அப்பாவை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அதற்காகச் சும்மா இருந்துவிடுவேனா? ஆபீஸ் விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒத்திகை. ஒரு நாற்காலியில் மகள். பக்கத்து நாற்காலியில், பிஸ்கட் டப்பாமேல் சாய்த்து வைத்த போனில் அவள் அப்பா. எதிரே, மூக்கு நுனியில் கண்ணாடியோடு மேடமாக நான்.

"ஹூ இஸ் திஸ்?" என்று போனைக் காட்டுவேன்.

"அப்பா."

"கோ, சிட் வித் அப்பா" என்பேன். அவள் போனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வாள்.

அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். "ஏம்புள்ள, இதுக்கு நான் எதுக்கு லீவு போட்டு வரோணும்? போனையே தூக்கிட்டுப் போயிடு."

"ஏனுங்க, உங்களுக்கு எல்லாமே வெளையாட்டுத்தான்" என்று எரிந்து விழுவேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுத நாளும் உண்டு.

மலையில் சிக்னல் பாதியில் போய்விடும். வாய் திறந்தது திறந்தபடி அவர் திரையில் உறைந்து போவார். முதல் தடவை மகள் பயந்து அழுதாள். "அப்பா ஸ்டேச்சு வெளையாடறாங்க கண்ணு" என்று சமாளித்தேன். பிளே ஸ்கூலில் அவள் விளையாடுகிற விளையாட்டுத்தான். ஸ்டேச்சு என்றால் அசையக் கூடாது. ஓவர் என்று சொன்னவுடன் அசையலாம். அதிலிருந்து அவர் உறையும்போதெல்லாம் திரையைத் தட்டி "ஓவர்! ஓவர்!" என்று கத்துவாள். சிக்னல் திரும்பி அவர் பேசத் தொடங்கினால், தானே மீட்டு வந்த மாதிரி என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். நானும் மனசுக்குள் ஓவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

பள்ளிக்குப் போவதற்கு முந்தின நாள் வந்தார். பனிமூட்டத்தில் விமானம் தாமதமாகி, வீட்டுக்குள் நுழையும்போது மத்தியானம் மூன்று மணி. தலையில் கம்பளிக் குல்லா, கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. "அம்முணி" என்று கையை நீட்டினார். மகள் என் குர்த்தாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் கையிலிருந்த போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு ஒத்திகை நாற்காலியை இழுத்துப் போட்டு, "பைட்டோ" என்றாள். அவர் உட்கார்ந்தார். அவள் கிட்டேயே போகவில்லை.

"அப்பா பெருசா இருக்காங்க" என்று என் காதில் சொன்னாள்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "ஸ்கூல் கெடக்குது. எம்புள்ளைக்கே நான் யாரோ ஆயிட்டனே" என்றார். குழம்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பால்கனியில் மிச்சமிருந்த வெயிலில் உட்கார்ந்து அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மகள் கதவோரம் நின்றிருந்தாள். ஒரு சுளையை வாய் வரைக்கும் கொண்டு போனவர், அப்படியே நின்றுவிட்டார். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அவள் மெல்ல மெல்லக் கிட்டே போனாள். ஒற்றை விரலால் மீசையைத் தொட்டாள். "ஓவர்" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில். அவர் சுளையைக் கடித்தார். வீடே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல் கத்தினாள். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பள்ளியில் மேடம் பிளாஸ்டிக் ஆப்பிளைக் காட்டி நிறம் கேட்டாள். வாழைப்பழத்தைக் காட்டிப் பெயர் கேட்டாள். என் மகள் அப்பாவின் மடியில் ஏறி, ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, வாயே திறக்கவில்லை. எத்தனை நாள் பாடம்! கடைசியில் ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது: "யே மேரே அப்பா ஹை." இவர் என் அப்பா. யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்.

"போச்சு, எல்லாம் போச்சு" என்றேன் வாசலுக்கு வந்ததும்.

"போனாப் போகுது வா" என்று அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். கோபத்தோடுதான் பின்னால் போனேன். ஆனால் பனியில் அந்த இரண்டு தலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போவதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் எங்கோ போய்விட்டது. பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அட்மிஷனில் அதிக மார்க். அன்றைக்கு மட்டும் வீடு இன்னும் தள்ளி இருந்திருக்கலாம் என்று ஏங்கினேன்.

இடம் கிடைத்தது. அது தெரிந்தபோது அவர் மறுபடியும் போனுக்குள் போயிருந்தார். "தேகா?" பார்த்தாயா, என்று மேல் வீட்டு அக்கா மார்தட்டிக்கொண்டாள்.

எனக்கு நினைவில் நிற்பது பள்ளிக்குப் போய் வந்த அன்றைய மத்தியானம்தான். கீழே டாக்சி வந்துவிட்டது. அவர் ஒரு காலில் ஷூவைப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கையில் எடுத்தார்.

"ஸ்டேச்சு!" என்றாள் மகள்.

குனிந்தபடியே நின்றார். நான் சிரித்தேன். அவர் பையிலிருந்த போன் அடித்தது, டிரைவராக இருக்கும். அவர் அசையவில்லை, கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின. மகள் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

போன் ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. ஓவர் சொல்லு கண்ணு, அப்பாவுக்கு ஃபிளைட் போயிடும் என்று சொல்ல வேண்டியவள் நான்தான்.

நானும் சொல்லவில்லை.