அண்டை வீட்டுக் காலடி மண்

நடந்ததைச் சொல்வதற்கு முன் என் நிலை என்னவென்று சொல்லிவிடுவது முறை. சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துக் கோலாலம்பூர் வந்தவன் நான். மகாயுத்தத்திற்கு முந்தைய ஆண்டுகளில் ரயில்வே அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்பில் முதல் வீடு எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கோயில் திருவிழாவில் முதல் மாலையும் எனக்கே விழும்.

அங்கே புழுதிக்குக் குறைவில்லை. செங்கல் சூளை மாட்டுவண்டிகள் போகும்போதெல்லாம் செந்தூள் எழுந்து ஜன்னல் விளிம்பிலும் என் வெள்ளைக் கோட்டிலும் படியும். எனக்கு அது தட்டிவிட வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். என் மனைவிக்கு மருந்தும்கூட. எங்கள் பெண்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, டாக்டர் கொடுத்த கொயினா மருந்தும் தங்காமல் வாந்தியானபோது, அவள் என்னிடம் கேட்டது காலடி மண்.

கண் வைத்தவர் மிதித்த மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து, குழந்தையைச் சுற்றி நெருப்பில் இடுவார்கள். கண் வைத்தவள் என்று அவள் கருதியது அண்டை வீட்டுப் பெண்ணை. எனக்குக் கீழே வேலை பார்த்த இரண்டாம் கிராணியின் மனைவி, பிள்ளையில்லாதவள். முந்தின வாரம் குழந்தையைத் தூக்கி, "கன்னத்தைக் கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கு" என்று சொல்லியிருந்தாள்.

எனக்குக் கீழ்ப்பட்டவன் வாசலில் என் மனைவி மண் அள்ளுவது தகாது என்றேன்.

"உங்க கௌரவத்தைச் சுத்திப் போட்டா காய்ச்சல் இறங்குமா?" என்றாள்.

மறுநாள் மாலை அவள் போனாள். ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தடுக்கவில்லை. அந்த வாசலில் குனிந்து விரல்களால் புழுதியைக் கூட்டினாள். கதவு திறந்தது.

"என்னக்கா தேடுறீங்க?"

"தோடு விழுந்துடுச்சு."

"ரெண்டும் காதுலதானே இருக்கு."

என் மனைவி நிமிரவில்லை. அந்தப் பெண் அவளுடைய மூடிய கையைச் சற்று நேரம் பார்த்தாள்.

"என் கால் மண்ணுக்கு இவ்வளவு கிராக்கியா? கேட்டிருந்தா கூடையில குடுத்திருப்பேனே. அது ஊரே மிதிச்ச மண்ணு அக்கா. இருங்க."

படியில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தட்டினாள். விழுந்ததைச் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள், என் மனைவி பின்னால்.

"நீங்களே சுத்திப் போடுங்க ஐயா. அக்கா கையில ஊர் மண்ணு இருக்கு."

கையை நீட்டினேன். ஒரு சிட்டிகை இருக்கும். கையில் இருப்பதே தெரியவில்லை. உப்பும் மிளகாயும் சேர்த்துக் குழந்தையைச் சுற்றினேன். கரியடுப்பில் இட்டேன். கண்பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். நெடி வந்தது. மூவரும் இருமினோம். அந்தப் பெண் என் மனைவியைப் பார்த்தாள். தலைப்பை உதறிக்கொண்டு போய்விட்டாள். என் மனைவி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து குழந்தையின் அருகில் போய் உட்கார்ந்தாள். என்னிடம் கேட்பதற்கு அவளுக்கு இனி வேறொன்றும் இல்லை.

அந்த வாரமே குழந்தை போய்விட்டது. காரியங்கள் முடிந்ததும் அலுவலகம் சென்றேன். காகிதங்கள் வந்தன, கையெழுத்திட்டேன். யாரோ ஒருவர் ஆறுதல் சொன்னார். அவர் வாய் அசைந்தது நினைவிருக்கிறது.

அண்டை வீட்டுக்காரியின் கண்ணால் குழந்தை இறந்தது என்றும், கற்றறிந்த கணவனுக்குத் தெரியாமல் என் மனைவி மண் எடுத்துச் சுற்றினாள் என்றும் கிள்ளான் நகரம் வரையில் பேசினார்கள். இரண்டும் தவறு. குழந்தை இறந்தது மலேரியாவால். மண்ணை நெருப்பில் இட்டவன் நான்.