அந்துவான் மாமாவின் இரண்டு முடிச்சு நூல்

செய்தி வந்தபோது நான் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியை எடுத்த அப்பா முதலில் கேட்டது, "வண்டி என்னாச்சு?" என்றுதான். ஓட்டியவர் இறந்துவிட்டதை அதற்குப் பிறகுதான் எங்களிடம் சொன்னார்.

அந்துவான் மாமா எங்கள் உறவினர் அல்லர். குருசுக்குப்பத்துக்காரர். அப்பாவின் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஒன்பது வருடம் ஓட்டியவர். மணலில் கிடக்கும் படகுகளை இழுத்து, பழுதுபார்க்க நோணாங்குப்பத்துக்குக் கொண்டுபோவது அவர் வேலை. முப்பதாம் நாள் பூசையில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவர் மனைவி லூர்து அத்தை என்னைக் கேட்டார். "நல்ல மனுசன், கொஞ்சம் வேகம். அதுக்கு மேல ஒரு வரி இருக்கக் கூடாது" என்றார் அப்பா. அப்படியே எழுதிக் காட்டிவிட்டேன். இது இன்னொரு பக்கம். அடுத்த அறையில் அப்பா இருமும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது.

வேகமாம்! நான் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, மழை நாட்களில் மாமாதான் என்னைப் பள்ளியில் விடுவார். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போவார்கள். "மாட்டு வண்டியே பரவால்ல மாமா" என்று கேலி செய்வேன். "மாடு சொன்னா நிக்கும் பாப்பா. இது யோசிச்சிட்டுத்தான் நிக்கும்" என்பார்.

சென்ற வருடம் பெரிய படகுகளுக்காக அப்பா பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தார். வண்டி நான்கு விரல் உயர்ந்தது. இந்த வருடம் பழைய ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிந்ததால் புதிது வாங்க வேண்டியிருந்தது. மாமா வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேல் போல்ட்டிலிருந்து கீழ் போல்ட் வரை நூல் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். பாரம் ஏற்றி இன்னொரு முடிச்சு. நூலின் மறுநுனியைப் பிடித்தது நான்.

"இதுவரைக்கும் நீளணும், இதுவரைக்கும் சுருங்கணும். அதான் நம்ம வண்டிக்கு ஷாக்கு" என்றார்.

அப்பா, மாமா, நான் மூவரும் உதிரிபாகக் கடைக்குப் போனோம். நூலைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். "இன்னாப்பா, துணிக்கடைன்னு நெனச்சி வந்துட்டியா?"

"சட்டை சின்னதாப் போனா கைப்பக்கந்தாங்க கிழியும்" என்றார் மாமா.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "மானத்த வாங்காத அந்துவான். வண்டி பேரச் சொன்னா எடுத்துக் குடுக்கப் போறாரு."

"பேரு அதேதாண்ணே, வண்டி வேற. இப்ப வர்றது தாழ நிக்குது. அதோட ஷாக்கு நமக்கு ரெண்டு விரக்கட குட்டை. பள்ளத்துல சக்கரம் எறங்குனா பிச்சிக்கும்."

"ஓட்டறது உன் வேல, வாங்கறது என் வேல."

புது மாடலுக்கானதைத்தான் அப்பா வாங்கினார். மாமா நூலைச் சுருட்டி என் கையில் வைத்தார். "வச்சிரு பாப்பா, அடுத்த தபா ஆவும்."

அதைப் பூட்டிய மூன்றாவது வாரம், நோணாங்குப்பம் பாலத்து இறக்கத்துப் பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் ஷாக் அப்சார்பர் கீழ்ப்பக்கம் பிய்ந்தது. தொங்கிய இரும்பு பிரேக் குழாயைக் கிழித்துவிட்டது. பின்னால் படகின் பாரம் தள்ள, வண்டி நிற்கவில்லை. மெக்கானிக் இதை அப்பாவிடம் சொன்னபோது நான் ஜன்னலருகே இருந்தேன். அதன் பிறகும், துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா சொன்னார்: "சொன்னா கேக்க மாட்டான், வேகம்."

சொன்னதைக் கேட்காதவர் யார்?

நேற்று லூர்து அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவே வேகமாத்தான் போனாராம்மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வெட்கம் என் பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் இந்தப் பக்கத்தை, உள்ளே நூலை மடித்து வைத்து, அத்தையிடம் கொடுக்கப்போகிறேன். வண்டியின் இடப்பக்கத்தில் மற்றொரு ஷாக் அப்சார்பர் இன்னும் கழற்றப்படாமல் இருக்கிறது. அதைக் கழற்றி முழுதாக நீட்டி, நூலைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், அது இரண்டு விரற்கடை குட்டை என்பது பூசைக்கு வரும் யாருக்கும் புரியும்.

நீங்கள் மெதுவாகத்தான் போனீர்கள் மாமா. போய் வாருங்கள். மறுநுனியை நான் இன்னும் விடவில்லை.