நடுவில் உட்கார்ந்தவள்

குற்றாலத்துக்கு மேலே, மலையில் இருக்கும் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் பிறந்தவள் நான். கல்லூரி வரை போய் இங்கிலீஷ் கற்று, இப்போது அருவிக்கரை லாட்ஜ் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். அதனால்தான் போன சீசன் முடிந்ததும் தென்காசி அரசு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வடக்கிலிருந்து வந்த புது அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவருடைய உதவியாளருக்குத் தெரியும். ஆனால் சமவெளி ஆட்கள் முன்னால் எங்கள் ஜனம் வாயைத் திறக்காது.

குடியிருப்பைக் காலி செய்ய வேண்டுமாம். மலைக்குக் கீழே ஆய்க்குடிப் பக்கம் வீடு கட்டித் தருவார்களாம். சம்மதமா என்று கேட்கத்தான் கூட்டம்.

ஜீப்பில் ஏறினேன். கல்லூரியில் படித்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவைப் பிடிக்கப் போனபோது அவர்கள் பேச்சை மொழிபெயர்த்தவள் அந்த மண்ணின் பெண். அடிமையாகக் கைமாறி அவர்களிடம் போய்ச் சேர்ந்தவள். ஊரை அழித்தது படை. துரோகி என்ற பெயர் மட்டும் அவளுக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வகுப்பில் ஒருத்தி அவளைக் "காட்டிக் கொடுத்தவ" என்றபோது எனக்குச் சுர்ரென்று வந்தது. "அவகிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டாவளா?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

கூட்டத்தில் அதிகாரி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். கரண்ட், ரோடு, பள்ளிக்கூடம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கடைசியில், யாருக்காவது மறுப்பு உண்டா என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. பெரியவர் ஒருவர் எழுந்து காட்டுக்குள் நடந்தார். பின்னாலேயே ஆண்கள் போனார்கள், பிறகு பெண்கள். என் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கணம் என்னைப் பார்த்தாள். அவளும் போனாள்.

எங்களில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்வதில்லை. எழுந்து போய்விடுவோம். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

அதிகாரி சிரித்தபடி, மறுப்பு இல்லை என்று எழுதச் சொன்னார். "மௌனம் சம்மதம்லா, பொறவு என்னம்மா?" என்று உதவியாளர் பேனாவைத் திறந்தார்.

என் கால்கள் எழத் துடித்தன. ஆனால் நானும் போய்விட்டால் அந்த மௌனத்துக்கு அவர்கள் வைத்ததுதான் அர்த்தம். உட்கார்ந்திருந்தேன்.

"சார், அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்" என்றேன் இங்கிலீஷில்.

"யார் சொன்னது?"

"எல்லோரும்."

"ஒரு சத்தமும் கேட்கவில்லையே. இது உன் சொந்த அபிப்பிராயமா?"

வழக்கத்தை விளக்கினேன். எழுதியதை அடிக்கும்வரை நகர மாட்டேன் என்றேன். நெடுநேரம் வாதாடிய பிறகு, சம்மதம் இல்லை என்று மாற்றி எழுதச் சொன்னார்.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "நம்மள கீழ எறக்க மாட்டாவ அக்கா!" என்று நடந்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை.

"மரத்து மறைவுல நின்னு பாத்துட்டுதான் இருந்தோம்" என்றாள். "எல்லாரும் எந்திரிச்சு வந்துட்டோம். நீ மட்டும் அந்த ஆளு கூட உக்காந்தே இருந்த."

"உங்களுக்காகத்தானக்கா உக்காந்தேன்!" கத்திவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அக்கா அடுப்பில் எரிந்த விறகை வெளியே இழுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். எழுந்து போய்விட்டாள்.