எங்கள் லாட்ஜின் ஃபோன் அரக்கோணத்தில் இருக்கிறது

திருத்தணியில் மலைக்குப் போகும் வழியில் எங்களுக்குப் பன்னிரண்டு அறை உள்ள ஒரு லாட்ஜ் இருக்கிறது. துணி வெளுக்கவும் அறை பெருக்கவும் ஆள் உண்டு. மற்ற வேலையெல்லாம் நானும் என் கணவரும்தான். அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், வேறு யார் எதைச் செய்தாலும் எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் மாலை என் கணவர் செல்ஃபோனை நீட்டினார். தங்கிவிட்டுப் போன யாரோ எங்களைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்தார். 'ரூம் சுத்தம். தண்ணி நல்லா வருது. அந்தம்மாகிட்ட மட்டும் பேசாதீங்க.'

"பொறாமை" என்றேன்.

"இன்னா பொறாமை? நேத்து சித்தூர்க்காரர் ஃபோன்ல ஏசி இருக்கான்னு கேட்டாரு. நீ இன்னா சொன்ன?"

மலைக்காற்று வரும், ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கோயில் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று மூன்றாம் முறையாகக் கேட்ட இன்னொருவரிடம், முருகன் எங்கேயும் ஓடிப்போக மாட்டார், நிதானமாக வாங்க என்றும் சொல்லியிருந்தேன். முருகனுக்கே கோபம் தணிந்த ஊர் இது என்பார்கள். அவர் லாட்ஜ் நடத்தவில்லை.

ஏதாவது ஒரு வேலையை வெளியே கொடுக்கலாம் என்ற பேச்சு எங்களுக்குள் கொஞ்ச நாளாக இருந்தது. நான் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைக் கொடுக்கலாம் என்றேன்.

"தொட்டி கழுவறது உனக்கு நல்லா வருது. வராதத குடுப்போம். ஃபோன குடுத்துடலாம்" என்றார்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அது அவருடைய கட்சிக்குத்தான் பலம் சேர்த்தது.

அரக்கோணம் ஸ்டேஷனில் விசாரணைக் கவுண்டரில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்காவை அவருக்குத் தெரியும். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் பேசுவார். ரயிலேறி அவர் வீட்டுக்குப் போனோம். மேரி மாதா படத்துக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்னைக் குடைந்தார். எந்த அறையில் வெஸ்டர்ன் டாய்லெட், வயசானவர் எத்தனை படி ஏறவேண்டும், எந்த அறையில் என்ன கோளாறு. நானும் மறைக்காமல் சொன்னேன். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஞாயித்துக்கெழம காலையில பத்து மணி வரைக்கும் நான் கர்த்தருக்கு. அப்புறம்தான் உங்க முருகனுக்கு."

லாட்ஜ் நம்பரின் சிம் கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். அறை கேட்டவர்களின் விவரம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பத்து நாள் போயும் ஏழாம் நம்பர் அறைக்கு மட்டும் ஆளே வரவில்லை. என் லாட்ஜுக்கு நானே ஃபோன் செய்தேன்.

"கதவு சாத்தாதுன்னு நீதானம்மா சொன்ன. கேக்கறவங்களுக்கு அதைச் சொல்றேன், வேணாங்கறாங்க."

"அதெல்லாம் எதுக்குக்கா சொல்லணும்? வந்தா லேசா தூக்கிச் சாத்திக்குவாங்க."

"முப்பது வருசமா வண்டி லேட்டுன்னா லேட்டுன்னுதான் சொல்லிகினு இருந்தேன். கதவ சரி பண்ணிட்டு சொல்லு, சாத்துதுன்னு சொல்றேன்."

வேலைக்கு ஆள் வைத்ததாக நினைத்திருந்தேன். எனக்கு மேலதிகாரி வந்து சேர்ந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஆசாரியைக் கூப்பிட்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. கூட்டம் அதிகமாக இருக்கும், ஒரு நாள் ஓய்வெடுங்கள் என்று அக்காவிடம் சொல்லி, அழைப்புகளை என் செல்ஃபோனுக்குத் திருப்பிவிடச் சொன்னேன். ஓய்வு சாக்குதான். காலை பதினோரு மணிக்கு ஒருவர் கூப்பிட்டு, ஒன்பது பேர் ஒரே அறையில் படுக்கலாமா என்று கேட்டார்.

"தாராளமா படுங்க. மூச்சு மட்டும் மாத்தி மாத்தி விடுங்க" என்றேன்.

என் குரல் இரண்டு தடவை கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் காவடியும் மொட்டைத் தலைகளுமாக ஒரு குடும்பம் நின்றது. முன்னால் நின்ற பெரியவரின் கையில் ஸ்பீக்கர் போட்ட ஃபோன். "மேமு இக்கடே உன்னாமம்மா" என்றார். இங்கேயேதான் இருக்கிறோம் என்று அர்த்தம். அவர் முகத்தில் கோபம் இல்லை. நடந்து நடந்து கால் வீங்கியிருந்தது. எழுந்து, பக்கத்துப் பக்கத்து அறை இரண்டு தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அவர் அதற்கு வழியே வைக்கவில்லை.

என் கணவர் கையை நீட்டினார். ஃபோனைக் கொடுத்தேன். அவரே அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அழைப்புகளை மறுபடி அங்கேயே எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்த வேலையைத் திருப்பிக் கேட்டதில்லை.

ஃபோன் வேலை போனதும் பகல் முழுக்க கை சும்மா இருந்தது. மூன்றாம் நம்பரில் குழாய் ஒழுகியது. பிளம்பர் "தோ வந்துகினே இருக்கேன்மா" என்று நாலு நாள் வந்துகொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் கடைக்குப் போய் ஸ்பேனரும் வாஷரும் டேப்பும் வாங்கி வந்து நானே கழற்றினேன். முதல் தடவை தலையோடு நனைந்தேன். இரண்டாம் தடவை ஒழுகல் நின்றது. ஃப்ளஷ் டேங்க் அதைவிடச் சுலபம்.

ஒரு வழியாக பிளம்பர் வந்து, நான் செய்த வேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். "பைபாஸ் கிட்ட ஒரு லாட்ஜுல ரெண்டு டேங்க் ஒழுவுது. எனக்கு நேரமே இல்லமா. நீங்க போய் பாக்கறீங்களா?"

போனேன். ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு என் கணவரும் வந்தார். அங்கே பேசியதெல்லாம் அவர்தான்.