ஐந்து பேர் பிடித்த கை

நோயமி பராகன் நர்சு லைசென்ஸ் தேர்வில் முதல் தடவையே தேறிவிட்டாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தேழு. அதற்கு முன் பதினோரு வருடம் துலாரே ஊர் முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளாக இருந்து படுக்கை மாற்றினாள், குளிப்பாட்டினாள், ஊட்டிவிட்டாள். வேலை முடிந்த கையோடு கல்லூரிக்கு ஓடினாள். தேறியதும் ஊரே வாழ்த்தியது. ஆஸ்பத்திரியில் வேலை கொடுக்கத்தான் ஆளில்லை.

ஆஸ்பத்திரிகளின் நியாயம் விசித்திரமானது. ஒரு வருட ஆஸ்பத்திரி அனுபவம் இருந்தால்தான் நர்சு வேலை. வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், அதற்குத்தான் ரெசிடென்சி இருக்கிறதே என்பார்கள். புது நர்சுகளைச் சம்பளத்தோடு சேர்த்து, ஒரு வருடம் பக்கத்திலேயே நின்று பழக்கும் இடம் அது. அதிலும் ஒரு கொக்கி: படிப்பை முடித்த பன்னிரண்டு மாதத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும். தாண்டிவிட்டால் நீங்கள் புது நர்சும் இல்லை, அனுபவ நர்சும் இல்லை. பால் டப்பாவில் தேதி அடிப்பதுபோல மனுஷிக்கும் அடித்துவிட்டார்கள். நோயமியின் தேதி மே பத்தொன்பது.

நாற்பத்தோரு ஆஸ்பத்திரிகளுக்கு மனுப் போட்டாள். பாதிப் பேர் வருந்தினார்கள், மீதிப் பேர் வருந்தக்கூட இல்லை. நேரில் வரச் சொன்னது ஒரே ஒரு இடம், அவள் மாணவியாகப் பயிற்சி பெற்ற பெரிய ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி. பன்னிரண்டு இடங்களுக்கு அறுநூற்று நாற்பது மனுக்கள் வந்திருந்தன. நேர்காணல் ஏப்ரல் கடைசியில்.

அன்று காலை அவள் மூன்றாவது தடவையாகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எவுலாலியா ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டே பார்த்தாள்.

"ஏண்டி, வேலை கேட்டுப் போறியா, பொண்ணு கேட்டு வரப் போறாங்களா?"

"சும்மா இரும்மா. கூப்பிட்டதே இது ஒண்ணுதான்."

"ஒண்ணு போதாதா? உன்னை மாதிரி நோயாளியைப் பாத்துக்க அங்க எவளுக்குத் தெரியும்? கேக்கறதுக்குப் பளிச்சுனு பதில் சொல்லு. கண்ணைப் பாத்துப் பேசு. தரையைப் பாத்துட்டு நிக்காத, திருடினவ மாதிரி."

நோயமி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு விஷயம் அவள் நெஞ்சைப் பல நாளாக அரித்துக்கொண்டிருந்தது.

மனுவோடு ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். மறக்க முடியாத ஒரு நோயாளியைப் பற்றி எழுத வேண்டும். நோயமியையும் சேர்த்து அந்த மாடியில் பயிற்சி பெற்றவர்கள் எட்டு மாணவர்கள். படிப்புக் காலம் முழுவதும் எட்டுப் பேரும் சேர்ந்து பார்த்தது ஒரே சாவு, நேர்காணலுக்கு முந்தின வருட ஜனவரியில். மனுவேல் சில்வேரா என்ற பால் பண்ணைக் கிழவர். அவரைப் பற்றித்தான் அவள் எழுதினாள். 'நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதினாள். அது பொய்யில்லை. எப்போது பிடித்தாள் என்பதைத்தான் எழுதவில்லை.

நேர்காணல் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோனி வாண்டர்ஹூக், அந்த மாடியின் தலைமை நர்சு. அறுபதை நெருங்குபவள், கத்தரித்த வெள்ளைமுடி, கயிற்றில் தொங்கும் கண்ணாடி. மாணவர்கள் அவள் வரும் சத்தம் கேட்டாலே நோயாளியின் போர்வையைச் சரிசெய்வார்கள். பக்கத்து இருவரும் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் கூப்பிட்டால் யாரிடம் முதலில் போவாய், டாக்டர் எழுதிய மருந்து அளவு தப்பாகப் பட்டால் என்ன செய்வாய். நோயமி தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். பதினோரு வருடம் வீண் போகவில்லை என்று அவளுக்கே தோன்றியது. ஒருவர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அப்புறம் கோனி ஐந்து தாள்களை எடுத்து மேஜையில் பரப்பினாள்.

"நோயமி, இந்த அஞ்சும் நானூத்திப் பன்னெண்டாம் ரூம் சில்வேராவைப் பத்தினது. யாரும் அவர் பேர் போடல. ஆனா பால் பண்ணை, மூடுபனி, வழியில மாட்டிக்கிட்ட பொண்ணுன்னு எழுதினா எனக்குத் தெரியாதா? அஞ்சு பேரும் அவர் கையைப் பிடிச்சிருக்கீங்க. பாவம், மனுஷனுக்கு இருந்ததே ரெண்டு கைதான்."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். கோனி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"மத்தவங்களை நான் கேக்கல. அன்னிக்கு அந்த ரூம் உங்க பொறுப்புன்னு குறிப்புல இருக்கு, அதனால உங்களைக் கேக்கறேன். அவர் போறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

நோயமி அந்த ஐந்து தாள்களில் தன்னுடையதைத் தேடினாள். கோனி கண்ணாடியைக் கழற்றினாள்.

"எதுக்குக் கேக்கறேன்னா, அவர் பொண்ணுக்கு போன் பண்ணினது நான். மூடுபனியில கண்ணு தெரியாம ரோட்டோரமா காரை நிறுத்திட்டு நின்னிட்டிருந்தா. விஷயத்தைச் சொன்னதும், 'அப்பா தனியாவா போனாரு?'ன்னு கேட்டா. 'இல்லம்மா, ஒருத்தர் கையைப் பிடிச்சிட்டிருந்தாங்க'ன்னு சொல்லிட்டேன். அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. வாயில வந்துடுச்சு. வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் உறுத்துது. இந்தத் தாளையெல்லாம் படிச்சப்ப, அஞ்சுல ஒண்ணாவது நிஜமா இருக்கக் கூடாதான்னு இருந்துச்சு."

பரீட்சை வைக்கிறவளின் முகமாக அது இல்லை. கெஞ்சுகிறவளின் முகம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோனியின் உறுத்தல் தீரும், அந்த மகளுக்குச் சொன்னது மெய்யாகும், நான்காம் மாடியில் ஒரு இடம் கிடைக்கும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

"இல்ல," என்றாள் நோயமி.

சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. "அவர் மூக்குக் குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடறாருன்னு ரெண்டு கைக்கும் பஞ்சு கையுறை மாட்டிக் கட்டியிருந்தாங்க. காலையிலேருந்து ரெண்டு கையையும் ஒண்ணோட ஒண்ணு முட்டிட்டே இருந்தாரு, கழட்டுங்கிற மாதிரி. மாணவி நான் கழட்டக் கூடாது. ஒண்ணரைக்கு எங்களுக்குக் கீழ வகுப்பு. லேட்டாப் போனா வாத்தியாரம்மா கதவைச் சாத்திருவாங்க, வருகை போயிடும். இதோ வந்துடறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டுப் போனேன். திரும்பி வந்தப்ப முடிஞ்சிருந்துச்சு. குளிப்பாட்டறப்பதான் கையுறையைக் கழட்டினேன். உள்ளங்கையெல்லாம் வேர்த்து, துணி துவைச்ச கை மாதிரி சுருங்கிப் போயிருந்துச்சு. அப்பதான் பிடிச்சேன். ரொம்ப நேரம் பிடிச்சிட்டிருந்தேன். அதைத்தான் அப்படி எழுதிட்டேன். தப்பு."

"கழட்டலாமான்னு யாரையாவது கேட்டீங்களா?"

"டூட்டி நர்சை ரெண்டு தடவை கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"உங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னாங்க."

கோனி நிமிர்ந்தாள். "என்கிட்டயா? நான் என்ன சொன்னேன்?"

நோயமி அவள் கண்ணைப் பார்த்தாள். அம்மா சொல்லியனுப்பியது இதற்காக அல்ல. "அப்புறம் பாக்கலாம்னீங்களாம்."

கோனிக்கு அது நினைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை அது, எதைத்தான் நினைவு வைத்துக்கொள்வாள்? தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஓரம் சரியாக இல்லையென்று மறுபடி அடுக்கினாள்.

"அப்ப யாருமே இல்ல," என்றாள்.

"யாரும் இல்ல."

பக்கத்திலிருந்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாயிற்று, வந்ததற்கு நன்றி என்றார்.

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. வருந்தியிருந்தார்கள். மே பத்தொன்பது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று நோயமி பழைய முதியோர் இல்லத்திலேயே மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள், உதவியாளாக இல்லை, நர்சாக. அதுவும் வேலைதான். ஆனால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி அன்றோடு அடைபட்டது. அம்மாவிடம் முழுக்கதையையும் சொன்னாள். எவுலாலியா கேட்டு முடித்து, "கண்ணைப் பாத்துப் பேசுன்னுதான் சொன்னேன், உள்ளதையெல்லாம் கொட்டிட்டு வான்னா சொன்னேன்?" என்று திட்டினாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவனான தோவ் லோர் இடம் பிடித்திருந்தான். ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவளுக்கு போன் பண்ணினான்.

"அக்கா, எங்க மாடியில புதுசா ஒரு விதி போட்டிருக்காங்க. சாகக் கிடக்கறவங்க கையில கையுறை இருந்தா யாரையும் கேக்க வேண்டாம், மாணவங்களே கழட்டலாம், கழட்டிட்டுப் பக்கத்துலயே உக்காரணும், வகுப்புக்குப் போக வேண்டாம்னு. கோனியே எழுதி ஒட்டியிருக்கா. அந்தச் சிடுமூஞ்சிக்கு என்ன ஆச்சோ!"

"நல்ல விதிடா."

"நானும் அந்தத் தாத்தாவைப் பத்தித்தான் எழுதினேன், தெரியுமா? கையைப் பிடிச்சேன்னு. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. நான் அப்ப கேன்டீன்ல இருந்தேன்." சிரித்துவிட்டு, அவள் சிரிக்காததால் கேட்டான்: "உங்களை ஏதாவது கேட்டாங்களா?"

"மருந்து அளவு பத்திக் கேட்டாங்க," என்று சொல்லி போனை வைத்தாள் நோயமி.

மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இனி அந்த மாடியில் யாரும் கட்டுண்ட கையோடு சாக மாட்டார்கள் என்பது நல்ல சேதி, அது அவளுக்குத் தெரியாமலில்லை. அந்த நல்ல சேதிக்காக அவள் அழவில்லை. அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.